கூப்பிடுகிற இடம் வேறு, கேட்கிற இடம் வேறு



ஹாம் ரேடியோ பற்றி நான் எதை எழுதினாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "டீச்சர், அவர் ஒரு இடத்தில் கூப்பிடுகிறார், நீங்கள் வேறொரு இடத்தில் பதில் சொல்கிறீர்கள். அது எப்படி அவருக்குக் கேட்கும்? அப்படிச் செய்யலாமா?" உரிமம் எடுத்துப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நாற்பது வருடமாக ரேடியோவில் இருக்கும் பெரியவர் ஒருவரும் கேட்டார். அவர் கேட்டது கொஞ்சம் கோபத்தோடு.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். ரேடியோ தெரியாதவர்களும் படிக்கும்படி எழுதப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த பழக்கம், அடியிலிருந்து ஆரம்பிக்காமல் எனக்கு வராது.

எஃப்டி8 என்பது கணினியையும் ரேடியோவையும் இணைத்து, குறுஞ்செய்தி போலச் சின்னச் சின்ன வாசகங்களை அனுப்பும் முறை. 2017ல் வந்தது. ஸ்டீவ் ஃபிராங்கி, ஜோ டெய்லர் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. எஃப், டி இரண்டும் அவர்கள் பெயரின் முதல் எழுத்துகள். 8 என்பது அதில் பயன்படும் எட்டு ஸ்வரங்கள். இந்த ஜோ டெய்லர் சாதாரண ஆள் இல்லை. 1974ல் ரஸல் ஹல்ஸ் என்ற மாணவரோடு சேர்ந்து இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்து, 1993ல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினார்கள். விண்ணிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை இரைச்சலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த மனிதர், அதே வித்தையை நம் மொட்டைமாடி ஆன்டெனாவுக்கும் கொடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் காதுக்குக் கேட்கவே கேட்காத சிக்னலைக்கூட எஃப்டி8 படித்துத் திரையில் எழுதிவிடும்.

ஒரு நிமிடத்துக்கு நான்கு முறை. 0, 15, 30, 45 ஆகிய நொடிகளில் ஆரம்பம். ஒருவர் 12.64 நொடி அனுப்புவார், மீதி இரண்டு நொடிச் சொச்சத்தில் கணினி படித்து முடிக்கும், அடுத்த பதினைந்து நொடி மற்றவர் முறை. அதனால் கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு நொடிக்கு மேல் தவறினால் சிரமம்.

இருபது மீட்டர் பட்டையில் எல்லோரும் ரேடியோவை 14.074 மெகாஹெர்ட்ஸில் வைப்போம். அங்கிருந்து மேலே ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸ் வரை நமக்குத் திறந்த வகுப்பறை. ஒரு எஃப்டி8 சிக்னலுக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸ்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 60 பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம். முக்கியமான விஷயம் இதுதான்: நம் மென்பொருள் இந்த 3000 ஹெர்ட்ஸ் முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாலும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாலும் ஒரே போலத்தான் கேட்கும்.

குரலில் பேசிப் பழகியவர்களுக்கு இது பிடிபட நேரமாகும். குரலில் இரண்டு பேர் பேச வேண்டும் என்றால் இருவரும் ஒரே அலைவரிசைக்கு வந்தாக வேண்டும். ஒருவர் தள்ளி நின்றால் மற்றவர் காதில் விழாது. எஃப்டி8ல் அந்தக் கட்டாயம் இல்லை. ஒருவர் 1240 ஹெர்ட்ஸில் "சிக்யூ" என்று பொது அழைப்பு விடுகிறார். நான் 2130ல் அவரைக் கூப்பிட்டாலும் அவர் திரையில் என் அழைப்புக்குறி வந்துவிடும். இதைத்தான் ஸ்ப்ளிட் என்கிறோம். பேசுகிற இடமும் கேட்கிற இடமும் பிரிந்திருப்பது.

சரி, எதற்குப் பிரிய வேண்டும்? போன மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாலை ஏழு மணி இருக்கும். மொரீஷியஸ் நிலையம் ஒன்று சிக்யூ விட்டது. அங்கிருந்து எப்போதோதான் வரும். அவருக்குப் பதில் சொன்னவர் ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கும், பலவீனமான சிக்னல் உள்ள ஒருவர். மொரீஷியஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, "உங்கள் சிக்னல் மைனஸ் 17" என்று அறிக்கை அனுப்பினார். அவர் "கிடைத்தது, உங்களுடையது இவ்வளவு" என்று திருப்பிச் சொன்னால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஆனால் மொரீஷியஸ் திரும்பத் திரும்ப அதே மைனஸ் 17ஐ அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை. பதில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

ஏன் சேரவில்லை என்பது என் வாட்டர்ஃபால் திரையிலேயே தெரிந்தது. அந்த ஐரோப்பியர் பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே இடத்தில், அதே முறையில், இன்னும் மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. மூவரும் மொரீஷியஸைக் கூப்பிடுகிறவர்கள். சிக்யூ வந்த வரியைத் திரையில் இரண்டு முறை சொடுக்கியிருப்பார்கள். மென்பொருள் அவர்களை நேராக அவருடைய இடத்துக்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. அவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் நடந்தது என்ன? பேச வாய்ப்புக் கிடைத்த ஒரு பலவீனமான ஆளின் வாயை மூன்று பலசாலிகள் பொத்திவிட்டார்கள். அந்த மூவருக்கும் அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. மொரீஷியஸ் ஏழாவது முறையோடு விட்டுவிட்டு மறுபடி சிக்யூவுக்குப் போய்விட்டார்.

நோட்டுத் திருத்தும் நேரம் ஆசிரியர் மேசையைச் சுற்றி என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளும் "டீச்சர், என்னோடது டீச்சர்" என்று மேசைமேல் விழுவார்கள். திருத்திக்கொண்டிருக்கும் நோட்டின்மேல் இன்னொரு நோட்டு வந்து விழும். குள்ளமான பிள்ளை, மெல்லிய குரல் உள்ள பிள்ளை, கடைசிவரை பின்னாலேயே நிற்கும். அவரவர் இடத்தில் இருந்துகொண்டே கையைத் தூக்கினால் ஆசிரியருக்கு எல்லோரும் தெரிவார்கள். எஃப்டி8ல் ஸ்ப்ளிட் என்பது அவரவர் இடத்தில் இருந்து கை தூக்குவதுதான்.

செய்யும் முறை மிகச் சுலபம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் "ஹோல்ட் டீஎக்ஸ் ஃப்ரீக்" என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதை டிக் செய்துவிட்டால், யாரைச் சொடுக்கினாலும் நீங்கள் அனுப்பும் இடம் நகராது. வாட்டர்ஃபாலின் மேல் பச்சைக் குறி கேட்கும் இடம், சிவப்புக் குறி அனுப்பும் இடம். காலியான இடத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் சிவப்புக் குறி அங்கே போய் நிற்கும்.

காலியான இடம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் அனுப்பும்போது உங்களால் கேட்க முடியாது. அதனால் நீங்கள் அனுப்பும் முறையில் அந்த இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்கைந்து தடவை கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்றால் ஒரு முறை சும்மா இருங்கள். அந்தப் பதினைந்து நொடி திரையைப் பாருங்கள். உங்கள் இடத்தில் வேறொருவர் தடியாக உட்கார்ந்திருந்தால் நகர்ந்துகொள்ளுங்கள். இன்னொன்று, நம் திரையில் காலியாகத் தெரிவது அவர் ஊரில் காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் பலன் இல்லை என்றால் இன்னோரிடம் பார்ப்பதில் தப்பில்லை.

இப்போது அந்தப் பெரியவரின் கோபத்துக்கு வருகிறேன். அவர் கேட்டது இது: "ஒரு பேச்சுக்கு ஒரு இடம் போதும்போது நீங்க ரெண்டு இடத்த அடைச்சுக்கறீங்க. நெரிசல்ல இது நியாயமா டீச்சர்?"

நியாயமான கேள்வி. கணக்காகவே பார்ப்போம். 60 இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை. காலை ஷிஃப்ட், மதியம் ஷிஃப்ட் நடக்கும் பள்ளிக்கூடம் மாதிரி. ஆக மொத்தம் 120 இருக்கை. இருவரும் ஒரே இடத்தில் பேசினால் ஒரு பெஞ்சின் காலை ஷிஃப்டும் மதிய ஷிஃப்டும் போகிறது, இரண்டு இருக்கை. வேறு வேறு இடத்தில் பேசினால் ஒரு பெஞ்சின் காலை ஷிஃப்ட், இன்னொரு பெஞ்சின் மதிய ஷிஃப்ட். அதுவும் இரண்டு இருக்கைதான். மீதி இரண்டு ஷிஃப்டும் வேறு யாருக்காவது காலியாகத்தான் இருக்கின்றன. எனவே நாம் யாருடைய இடத்தையும் கூடுதலாக அடைக்கவில்லை.

ஆனால் அவர் பக்கமும் உண்மை உண்டு. பட்டை வெறிச்சோடிக் கிடக்கிறது, ஒரே ஒருவர் கூப்பிடுகிறார், வேறு யாரும் அவரை அழைக்கவில்லை என்றால், அவர் இடத்திலேயே பதில் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. சில பேர் பக்கத்தில் இருக்கும் பலமான சிக்னலுக்குப் பயந்து ரேடியோவின் வடிகட்டியைத் தங்கள் இடத்தைச் சுற்றிக் குறுக்கிவைத்திருப்பார்கள். அவர்களுக்கு அங்கே கூப்பிட்டால்தான் கேட்கும். ஆகவே இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. கூட்டம் இருந்தால் விலகி நில் என்பதைப் பழக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்ப்ளிட் என்ற சொல்லுக்கு அதே மென்பொருளில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. அதைச் சொல்ல என் பழைய மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது எலெக்ட்ரிகல் கடையில் வேலை. இரண்டு வருடம் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து ரேடியோ வாங்கினான். பரீட்சை எழுதி, உரிமத்துக்குக் காத்திருந்து, ஆன்டெனாவைத் தானே கட்டி ஏற்றினான். மூன்று மாதம் கழித்து எனக்கு ஃபோன் செய்தான். "டீச்சர், பெட்டிய வித்துரலாம்னு இருக்கேன். நூறு தடவ கூப்பிட்டாச்சு. ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான்."

"இருடா, இப்ப ஒரு தடவ கூப்பிடு, நான் பாக்கேன்" என்றேன். அவன் வீடு என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். என் திரையில் அவன் நன்றாகத் தெரிந்தான். கொஞ்சம் அளவுக்கு மீறியே தெரிந்தான். 540ல் அவனுடைய சிக்னல். 1080ல் அதன் நிழல் ஒன்று, 1620ல் இன்னொரு நிழல். அடுத்த நாள் நேரிலேயே போய்விட்டேன். அவன் அம்மா காபியோடு வந்து, "ராத்திரி பூரா இந்தப் பெட்டி முன்னாலதான் கெடக்கான் டீச்சர், நீங்களாவது சொல்லுங்க" என்றார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்தைத் திறந்து காட்டினேன். நம் சிக்னலை உலகத்தில் எந்தெந்த நிலையம் கேட்டது என்று வரைபடத்தில் காட்டும் தளம் அது. ஜப்பானில் கேட்டிருக்கிறார்கள், இத்தாலியில் கேட்டிருக்கிறார்கள். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "உன் குரல் போகுதுடா. நீ நிக்கிற எடந்தான் சரியில்ல" என்றேன்.

அந்த நிழல்கள் எங்கிருந்து வந்தன? கணினியிலிருந்து ரேடியோவுக்கு ஒலி அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது. ஒலி திணறினால் அதன் மடங்குகள் பிறக்கும். 540 என்றால் 1080, 1620, 2160 என்று வாய்ப்பாடு மாதிரி. இவை எல்லாமே 3000க்குள் இருப்பதால் ரேடியோ அவற்றையும் காற்றில் அனுப்பிவிடும். இரண்டாம் மடங்கு இரண்டு மடங்கு அகலமாகவும் இருக்கும், யாராலும் படிக்கவும் முடியாது. இவன் சக்தியில் ஒரு பங்கும் வீண், அடுத்தவன் இடமும் வீண்.

இதற்குத்தான் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் "ஸ்ப்ளிட் ஆபரேஷன்" என்ற பகுதி இருக்கிறது. அதில் மூன்று தேர்வு: நன், ரிக், ஃபேக் இட். அவனுடையது நன்னில் இருந்தது. மற்ற இரண்டில் எதை வைத்தாலும், மென்பொருள் ரேடியோவுக்குக் கொடுக்கும் ஒலியை எப்போதும் 1500க்கும் 2000க்கும் நடுவிலேயே வைத்துக்கொள்ளும். தேவையான வித்தியாசத்துக்கு ரேடியோவின் டயலை நகர்த்திக்கொள்ளும்.

அவன் நோட்டில் எழுதிக் காட்டினேன். நீ 600ல் அனுப்ப வேண்டும். காற்றில் அது 14074.6 கிலோஹெர்ட்ஸ். நேராக அனுப்பினால் டயல் 14074, ஒலி 600. ஸ்ப்ளிட்டில் அனுப்பும்போது டயல் 14073க்கு இறங்கும், ஒலி 1600. கூட்டினால் அதே 14074.6. கேட்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் 1600க்கு இரண்டாம் மடங்கு 3200. ரேடியோவின் வடிகட்டி அதை வாசலிலேயே நிறுத்திவிடும். மேல்பக்கம் பார்த்தால், 2350ல் அனுப்ப வேண்டுமானால் டயல் 14074.5, ஒலி 1850. கூட்டினால் 14076.35. இன்னொரு லாபமும் உண்டு. வடிகட்டியின் இரண்டு ஓரங்களிலும் சக்தி குறையும். நடுவில் அனுப்பினால் எந்த இடத்துக்குப் போனாலும் சக்தி ஒரே சீராக இருக்கும்.

"ரிக்" என்றால் ரேடியோவில் உள்ள இரண்டு விஎஃப்ஓக்களில் ஒன்றைக் கேட்கவும் மற்றதை அனுப்பவும் பயன்படுத்தும். "ஃபேக் இட்" என்றால் ஒரே விஎஃப்ஓவை அனுப்பும் முன் நகர்த்தி, அனுப்பி முடித்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். இரண்டுக்கும் கணினி ரேடியோவின் டயலைக் கட்டுப்படுத்தக் கேபிள் இணைப்பு வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய ரேடியோ, கையால் கட்டிய ரேடியோ வைத்திருப்பவர்கள், தாங்களே 1500க்கும் 2000க்கும் நடுவில் காலியிடம் பார்த்து உட்கார்ந்துகொண்டால் இதே பலன் கிடைக்கும்.

ஒலி அளவை ஏஎல்சி முள் அசையாத அளவுக்குக் குறைத்தோம். ஃபேக் இட் வைத்தோம். ஹோல்ட் பெட்டியை டிக் செய்தோம். 1900 பக்கம் ஒரு காலியிடம் பார்த்துக் கொடுத்தேன். கூட்டமாக அழைத்துக்கொண்டிருந்த ஓர் இந்தோனேசிய நிலையத்தை அவன் கூப்பிட்டான். மூன்றாவது முறை திரையில் அவன் அழைப்புக்குறி சிவப்பாக வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து திரையைக் காட்டினான். ஒன்றரை நிமிடத்தில் பேச்சு முடிந்து 73ம் வந்துவிட்டது. ரேடியோவை விற்கிற பேச்சு அதன்பிறகு இல்லை.

இவன் எனக்கு ஃபோன் செய்தான், சரி. ஃபோன் செய்யாமலேயே பெட்டியைக் கட்டி வைத்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ. "நம்ம ஊர் கண்டிஷனே சரியில்லை", "இருபது வாட்டுக்கு இதுதான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நம்பியிருப்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் ஒன்றும் புதிதில்லை. மோர்ஸ் காலத்திலேயே அரிய நிலையம் ஒன்று வந்தால், "அப்" என்று தட்டிவிட்டு ஒன்று இரண்டு கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பார். குரலில் "ஃபைவ் அப்" என்பார்கள். தான் பேசும் இடம் சுத்தமாக இருந்தால்தான் தான் சொல்வது எல்லோருக்கும் கேட்கும் என்பதற்காக. எஃப்டி8ல் இதையே மென்பொருளுக்குள் விதியாக எழுதிவைத்துவிட்டார்கள். அதற்கு ஃபாக்ஸ், ஹவுண்ட் என்று பெயர். பசிபிக் கடலில் மனிதர் குடியிருப்பே இல்லாத பேக்கர் தீவுக்கு 2018ல் ஒரு குழு போனபோது இதைப் பயன்படுத்தியது. தீவில் இருப்பவர் ஃபாக்ஸ், 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பார். கூப்பிடுகிற நாமெல்லாம் ஹவுண்ட், 1000க்கு மேலேதான் நிற்க வேண்டும். அவர் நம் பெயரைச் சொல்லிப் பதில் தந்த பிறகு, மென்பொருளே நம்மை அவர் இடத்துக்குக் கீழே கூட்டிப்போகும். ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை அவர் பதில் சொல்ல முடியும். நோட்டு மேசைக்கு இதைவிட நல்ல ஒழுங்கு கிடையாது: பெயர் கூப்பிட்டால் மட்டும் வா. ஆனால் இந்த முறையை 14.074 போன்ற வழக்கமான இடங்களில் நடத்தக் கூடாது. அதற்கென்று வேறு இடம் அறிவிப்பார்கள், அங்கேதான்.

இன்னொரு வகை ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிய நிலையம் பேசும் இடத்தில் தெரியாமல் யாராவது கூப்பிட்டுவிட்டால், "அப், அப்" என்று அதே இடத்தில் கத்துகிறவர்கள். வகுப்பில் பேசாதே, பேசாதே என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தும் லீடர் மாதிரி. கத்துவதால் அந்த இடம் இன்னும் நாசமாகிறது. தெரியாதவர் யார் என்று தெரிந்தால் பிறகு அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லித்தான் பதில் போடுகிறார்கள்.

இன்று மாலை 14.074 பக்கம் வருகிறவர்கள் ஹோல்ட் பெட்டியை ஒரு தடவை பாருங்கள். அமைப்புப் பக்கத்தில் ஸ்ப்ளிட் எதில் இருக்கிறது என்றும் பாருங்கள். கேபிள் இணைக்க முடியாத ரேடியோ வைத்திருப்பவர்கள் மாடலைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அதை மட்டும் அடுத்த பதிவில் தனியாக எழுதுகிறேன். பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், ஃபோன் செய்யத் தயங்க வேண்டாம். டீச்சர் சும்மாதான் இருக்கேன்.

73.